பெறாமகளின் கவுண்டரில் கை நனைக்காமல் நின்ற இருபது நிமிடம்

சென்ற ஒக்டோபரில் மூன்று வாரம் லண்டனில் இருந்தேன். தம்பி பாலனின் வீடு ரெய்னர்ஸ் லேனில். வவுனியாவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேனில் ஆறு மணி நேரம், அங்கிருந்து பதினொரு மணி நேரப் பறப்பு. விசா, குளிர் உடுப்பு, முழங்கால் நோவுள்ளவர்கள் ஏறக்கூடிய ரயில் நிலையங்கள் எல்லாவற்றையும் பற்றி முன்பே எழுதிவிட்டேன். நகரின் நடுவில் குறைந்த செலவில் எங்கே சாப்பிடலாம் என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். விடை என்னிடம் இருந்தும் ஐந்து மாதமாக எழுதவில்லை. அந்தக் கடையைப் பற்றி எழுதினால் அங்கே நான் நடந்துகொண்ட விதத்தையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு விலையை மட்டும் எழுதக் கை வரவில்லை.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வயது எழுபத்தொன்று. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். குளிர்சாதனப் பெட்டி திருத்தும் தொழிலைப் பழைய கையேடுகளையும் ஓர் அகராதியையும் வைத்து நானே படித்தேன். ஒருவரிடமும் கேட்டுப் பழகாதவனுக்கு மன்னிப்புக் கேட்டும் பழக்கம் இருப்பதில்லை.

பாலனுக்கு ஒரே மகள், தர்ஷினி. எங்கள் வழக்கில் தம்பியின் மகள் பெறாமகள். வீட்டில் தர்ஷி என்போம். வயது இருபத்தொன்பது. பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, ஒரு மருந்தகத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். ‘லண்டனில் மருந்தாளராக இருக்கும் என் பெறாமகள்’ என்று இந்த வலைப்பதிவிலேயே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஊரில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனேன். ரெய்னர்ஸ் லேனில் பிக்கடில்லி ரயில் எடுத்து, கிங்ஸ் குரோஸில் மாறி, நோர்தேர்ன் ரயிலில் ஆர்ச்வே. மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம். பிறகு மேட்டில் பத்து நிமிட நடை. முழங்கால் சரியில்லாதவர்கள் பஸ் எடுங்கள். பூசை முடிந்து பிரசாதத் தட்டோடு நின்றபோது, ஊரில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த நடேசு கண்டுவிட்டு வந்தான்.

“என்ன அண்ணை, பெறாமகளின்ர கடையில சாப்பிட்டாச்சோ?”

“எந்தக் கடை?”

“பச்சை மீனை வெட்டிச் சோத்தில வைச்சுக் குடுக்கிற கடையப்பா. நிண்டுகொண்டு சாப்பிடுற இடம். என்ர பெடியன் போய்க் கண்டவன். மருந்துக் கடையை விட்டு ரெண்டு வருசமாம். உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியும், தெரியும்” என்றேன். முருகனுக்கு முன்னால் சொன்ன பொய்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை. பாலனைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு தெரியும் அண்ணை. அதுதான் சொல்லேல்லை.”

“ஊரெல்லாம் மருந்தாளர் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன்.”

“சொல்லச் சொல்லி நாங்கள் உங்களைக் கேட்டனாங்களோ?”

நியாயமான கேள்விதான். ஆனால் அன்று எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இரண்டு வருடமாகத் தொலைபேசியில் “பிள்ளைக்கு வேலை எப்பிடி?” என்று கேட்டிருக்கிறேன். “நல்லாப் போகுது” என்றிருக்கிறார்கள். நான் முட்டாளாக நின்றது வேறு ஒருவன் வாயால் தெரிய வேண்டியிருந்தது. அதுதான் சுட்டது. அவர்கள் மறைத்தது சரியென்று இன்றும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷி என் பக்கத்தில் வந்து இருந்தாள். கையில் இரண்டு தேநீர்.

“பெரியப்பா, கோவமோ?”

“எனக்கென்ன கோவம்?”

“செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாங்கோவன். முதல் நாள் கவுண்டர்ல நிக்கப்போறன். ரெண்டு வருசமா அரிசி கழுவினது, மீன் செதில் எடுத்தது, தரை துடைச்சது எல்லாம் முடிஞ்சுது. வீட்டில இருந்து ஒரு ஆளைக் கூப்பிடலாம் எண்டு ஷெஃப் சொன்னவர். அம்மா அப்பாவுக்கு லீவு இல்லை. நீங்கள் வந்தா எனக்கு ஹப்பி.”

“வாறன்” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. நான் என்ன நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னேன் என்பதை இனி எழுதுகிறேன்.

செவ்வாய் காலை 11.05க்கு ரெய்னர்ஸ் லேனில் ஏறி 11.58க்கு ஹோல்போர்னில் இறங்கினேன். மாறத் தேவையில்லாத நேர் ரயில். காலை ஒன்பதரைக்கு முன் ஏறினால் கட்டணம் ஆறு பவுண்டைத் தொடும். பிறகு ஏறினால் மூன்றரைக்குச் சற்று மேல். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இலவசம் அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். நாங்கள் வயதானாலும் வெளியாட்கள். நிலையத்திலிருந்து கடைக்கு ஏழு நிமிட நடை, ஏறக்குறைய ஐந்நூறு மீற்றர், ஏற்றமில்லை.

கடை ஒரு பஸ்ஸின் அகலம்தான் இருக்கும். உள்ளே நீளமான ஒரு மரக் கவுண்டர், அதன் பின்னால் வெட்டுபவர்கள், முன்னால் சாப்பிடுபவர்கள். பன்னிரண்டு பேர் தோளோடு தோள் நிற்கலாம். நாற்காலி ஒன்றுகூட இல்லை. ஒருவருக்கு முப்பது நிமிடம். முன்பதிவு கிடையாது. ஒரு சுஷி, அதாவது மீன் வைத்த ஒரு பிடி சோறு, ஒரு பவுண்டு எண்பது பென்ஸிலிருந்து மூன்றரை வரை; எட்டுத் துண்டு உள்ள தட்டு பதினான்கு பவுண்டு, தேநீர் சும்மா. அதே சாப்பாட்டை நாற்காலி போட்ட கடையில் கேட்டால் மூன்று மடங்கு என்று பின்னால் அறிந்தேன். நாற்காலி இல்லாததற்குத்தான் அந்த விலைக் குறைப்பு.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. ஒருவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சோறு போடுவதா என்றுதான் பட்டது. வரிசைகளில் நிற்கவென்று பன்னிரண்டு பவுண்டுக்கு ஒரு மடக்கு முக்காலி வாங்கி வைத்திருந்தேன். அதை விரித்துக் கவுண்டரின் முன்னால் இருந்தேன். கவுண்டர் என் தலைக்கு மேலே போய்விட்டது. எனக்கு மரப்பலகை தெரிந்தது; அவர்களுக்கு என் வழுக்கை தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலேயிருந்து தர்ஷியின் குரல் வந்தது. “பெரியப்பா, எழும்புங்கோ. ப்ளீஸ். எல்லாரும் பாக்கினம்.”

எழும்பினேன். அவள் வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக நின்றாள். எனக்கு அது ஆசுபத்திரிச் சிற்றூழியரின் உடுப்புப் போலப் பட்டது. அவளுக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி ஷெஃப். அறுபது வயது மதிக்கத்தக்க ஜப்பானியர், ஒல்லியானவர், தலை நிமிராமலே எல்லாவற்றையும் பார்ப்பவர். அவள் முன்னால் என்னோடு சேர்த்து நான்கு பேர்.

வேலை இப்படி நடக்கிறது. வலது கையால் ஒரு பிடி சோறு எடுத்து, மீன் துண்டை வைத்து, இரண்டு மூன்று அழுத்தில் பிடித்து, உங்கள் முன்னால் உள்ள மூங்கில் இலையில் வைக்கிறார்கள். சோறு உடம்புச் சூட்டில் இருக்கும். வைத்தவுடன் கையால் எடுத்து ஒரே வாயில் சாப்பிட வேண்டும். ஒரு நிமிடம் போனால் சோறு இறுகும், இரண்டு நிமிடம் போனால் மீன் காயும். அதனால்தான் அங்கே யாரும் கதைத்துக்கொண்டு சாப்பிடுவதில்லை.

அவள் எனக்கு முதலில் வைத்தது கணவாய். எனக்குக் கணவாய் பிடிக்கும் என்பதை யாரிடம் கேட்டு வைத்தாளோ தெரியாது.

“பெரியப்பா, உடன சாப்பிடோணும்.”

“எனக்குப் பசியில்லை.”

“ஒண்டு மட்டும்.”

“நான் பாக்கத்தான் வந்தனான்.”

இந்த இடத்தில் நம் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோபம் உள்ள வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். சத்தம் போடுவதில்லை, சண்டை பிடிப்பதில்லை. போவோம், மரியாதையாக இருப்போம், தண்ணீரும் வாயில் வைக்காமல் வருவோம். வீட்டுக்காரர் கெஞ்சுவார். நாங்கள் ‘பரவாயில்லை’ என்போம். அதைவிடப் பெரிய அடி எங்களிடம் இல்லை. எதிரில் நிற்பவருக்கும் அது அடி என்று தெரிய வேண்டும், தெரிந்தால்தான் வலிக்கும். அவளுக்குத் தெரியும். லண்டனில் பிறந்தாலும் எங்கள் ஆட்களின் வீட்டில் வளர்ந்தவள். நான் அதற்காகத்தான் ஐம்பத்து மூன்று நிமிடம் ரயிலில் வந்திருந்தேன்.

அவள் இரண்டாவதாகச் சூரை வைத்தாள். பிறகு இறால். மூன்றும் வரிசையாக என் முன்னால் கிடந்தன. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் மற்ற மூன்று பேருக்கும் வைப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள். மீன் வெட்டுவாள், என் முகத்தைப் பார்ப்பாள். கணவாயின் ஓரம் மங்கிச் சுருங்குவதை நானும் பார்த்தேன். பக்கத்துப் பெண் என்னிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். சாப்பிடச் சொல்கிறாள் என்பது விளங்கியது. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

இருபது நிமிடம் ஆனதும் ஷெஃப் தன் கத்தியை வைத்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். மூன்று துண்டுகளையும் எடுத்தார். தர்ஷியிடம் நாலைந்து சொல்தான் சொல்லியிருப்பார். அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள், தொப்பியைச் சரி செய்தாள், எனக்கும் தலை குனிந்தாள், பின்னாலிருந்த திரையை விலக்கி உள்ளே போனாள். வேறு ஒருவர் வந்து அவள் இடத்தில் நின்றார்.

முக்காலியை மடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வென்றவனைப் போலத்தான் நடந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலை. தர்ஷி வேலைக்குப் போக முன்னம் சமையலறையில் நின்று பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாலன் எனக்கு முன்னால் தேநீரை வைத்தான். வைத்த சத்தத்திலேயே விளங்கியது.

“அண்ணை, உங்களுக்கு இப்ப திருப்திதானே?”

“என்னடா?”

“பிள்ளையைத் திரும்ப உள்ளுக்கை விட்டிட்டார். அரிசி கழுவ. வந்த ஆள் மூண்டையும் தொடேல்லையெண்டால் சோறு பிழையெண்டுதானே அந்த மனிசன் நினைக்கும்? ரெண்டு வருசம் அண்ணை. ரெண்டு வருசம் நிண்ட நிலையில நிண்டவள்.”

நான் தர்ஷியைப் பார்த்தேன். “பெரியப்பா எண்டு அவரிட்டச் சொல்லியிருக்கலாமே பிள்ளை? கோவத்தில நிக்கிறார் எண்டு.”

அவள் பாணை வைத்துவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

“எப்பிடிச் சொல்லுறது பெரியப்பா? எங்கட ஆக்கள் கோவம் எண்டால் வந்து நிண்டு சாப்பிடாமல் போவினம் எண்டோ? அதை நான் இங்கிலீஷில சொன்னா அந்தாள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்? நான் கூட்டிக்கொண்டு வந்த ஆள் நீங்கள்.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் குடிக்காமல் வைத்த தேநீரைப் பாலன் எடுத்துத் தொட்டியில் ஊற்றினான். “இஞ்சையும் கை நனைக்கிறேல்லையோ?” என்று கேட்டான். இந்தத் தடவை நான் வேண்டுமென்று விடவில்லை.

நான் அவளை வெட்கப்படுத்தப் போனேன். அவளோ நான் வெட்கப்படக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்று பகல் முழுவதும் வீட்டுக்குள் இருந்தேன். பாலனின் குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் போட்டேன். அதில் ஒரு பழுதும் இல்லை.

வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் திரும்பப் போனேன். முக்காலியை எடுக்கவில்லை. 12.40க்குப் போனதால் வெளியே முப்பத்தைந்து நிமிடம் காத்து நின்றேன். நீங்கள் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்விடுங்கள். பதினான்கு பவுண்டுத் தட்டுக் கேட்டேன். ஷெஃப்பே என் முன்னால் நின்றார். தர்ஷியைக் காணவில்லை. திரைக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தமும், அரிசி பாத்திரத்தில் உரசும் சத்தமும் கேட்டன.

எட்டையும் வைத்தவுடன் எடுத்துச் சாப்பிட்டேன். பச்சை மீன் எனக்குப் பிடித்தது என்று பொய் எழுத மாட்டேன். சூரையை நான் இன்னும் குழம்பில்தான் விரும்புவேன். ஆனால் வெடுக்கு நாற்றம் இல்லை. முப்பது வருடம் மீன் ஐஸ் ஆலைகளின் இயந்திரங்களைத் திருத்தியவன் நான். குளிரில் ஒழுங்காக வைத்த மீன் எது என்று மூக்குக்குத் தெரியும். சோறு ஆறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இளஞ்சூடாக, வாய்க்குள் போனதும் ஒவ்வொரு பருக்கையாகப் பிரிந்தது. கணவாய் எட்டாவதாக வந்தது. அதை விழுங்கத்தான் நேரமெடுத்தது.

கைத் துணியால் விரலைத் துடைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஷெஃப்பிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சாப்பிடாமல் நின்ற கிழவன் நான்தான் என்றேன்.

“தெரியும்” என்றார்.

அவள் என் தம்பியின் மகள், எனக்கு வீட்டார் மேல் கோபம், அதனால் தொடவில்லை, அவளுடைய சோற்றில் பிழையில்லை என்றேன். இந்த நாலு வசனத்தையும் ரயிலில் வரும்போது மனதில் பாடமாக்கியிருந்தேன்.

அவர் மீனை வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். “சோற்றில் பிழையில்லை என்பது எனக்குத் தெரியும். எடுத்துப்போன மூன்றில் ஒன்றை நான் தின்று பார்த்தேன். அத்தனை நேரம் கிடந்தும் நன்றாக இருந்தது.”

“அப்படியானால் ஏன் அவளை உள்ளே விட்டீர்கள்?”

“அவள் முன்னால் நான்கு பேர் நின்றார்கள். அவள் ஒருவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.”

கோபத்தில்தான் நின்றேன் என்று ஒப்புக்கொண்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நம்பிப் போயிருந்தேன். நான் சொன்னது ஒன்றுக்கும் உதவவில்லை. அவள் வேலை கெட்டது என் கோபத்தால் அல்ல. நான் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசையால். அந்த ஆசையை வைத்துத்தான் நான் அவளை அடித்தேன்.

“அவளைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?” என்று கேட்டேன்.

“அவள் வேலையில் இருக்கிறாள்” என்றார். பிறகு கடிகாரத்தைக் காட்டினார். என் முப்பது நிமிடம் முடிந்திருந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

அன்று மாலை அவள் வேலையிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். “பிள்ளை, நான் செய்தது பிழை.” வாழ்க்கையில் நான் மற்றவரிடம் அதிகம் சொல்லாத சொல். அவள் “இட்ஸ் ஓகே பெரியப்பா” என்றாள். அந்த மூன்று சொல்லும் எதையும் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. மூன்று வாரம் முடிந்த சனிக்கிழமை என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் பாலன்தான். அவளுக்கு ஷிப்ட்.

இனிக் கேட்டவர்களுக்கான விவரம். இரண்டு பேர் போய்ச் சாப்பிட, சூப்போடு சேர்த்து, முப்பத்திரண்டு பவுண்டு போதும். சூப் ஒன்று இரண்டு பவுண்டு. காசு வாங்குவதில்லை, அட்டை மட்டும். கடைக்குள் கழிப்பறை இல்லை. வயதானவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சோற்றில் வினாகிரியோடு சீனியும் சேர்க்கிறார்கள், நீரிழிவு உள்ளவர்கள் கணக்கில் எடுங்கள். சைவக்காரருக்கு வெள்ளரிக்காய்ச் சுருளும், பொரித்த சோயாத் தோபுப் பைக்குள் அடைத்த சோறும் உண்டு. பச்சை விழுது ஒன்று தருவார்கள், அது மிளகாய்ச் சம்பல் இல்லை. கடுகளவு போதும், மூக்கு வழியாக ஏறும். அரை மணி நேரம் நிற்க முடியாதவர்கள் போக வேண்டாம். விருந்தாளியை இருத்தித்தான் சோறு போட வேண்டும் என்ற என் கருத்தை நான் மாற்றவில்லை. ஆனால் அங்கே நிற்பவர் விருந்தாளி இல்லை என்பதை முதலிலேயே விளங்கிக்கொண்டிருக்கலாம். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று தர்ஷி சொல்லியிருக்கிறாள். தனியே கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

சென்ற மாதம் பாலன் தொலைபேசியில் சொன்னான், அவளைத் திரும்பக் கவுண்டரில் விட்டுவிட்டார்களாம். செவ்வாயும் வியாழனும் மத்தியானம். உடனே அவளிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். வாழ்த்தினேன். வருகிற கோடையில் நான் வந்தால் கடைக்கு வரலாமா என்று கேட்டேன்.

“வாங்கோ பெரியப்பா. எப்பவும் வாங்கோ. நான் நிக்கிற நாளில மட்டும் வேண்டாம்.”

“ஓம் பிள்ளை” என்றேன்.

அதனால் நான் போவதென்றால் புதன்கிழமை போவேன். நீங்கள் செவ்வாயோ வியாழனோ போங்கள். இடது கைப்பக்கம் இரண்டாவதாக நிற்கும் பெண்ணுக்கு முன்னால் இடம் பிடியுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். அவள் வைத்தவுடன் எடுத்துச் சாப்பிடுங்கள்.